முப்பதாம் நாள் தொலைபேசி: கோவிட்சர்ஜ் கூட்டாய்வில் சேர்ந்த ஒரு பயிற்சி மருத்துவரின் மதிப்புரை

மதிப்புரை என்றால் விலை கொடுத்து வாங்கிய பொருளைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்போர் என்னை மன்னிக்க வேண்டும். நான் மதிப்பிட எடுத்துக்கொண்டது கட்டணம் ஏதுமின்றிக் கிடைத்த ஒரு சேவை; அதற்காக நான் செலவழித்தவை 2020ஆம் ஆண்டின் சில வார இரவுகள் மட்டுமே. பெருந்தொற்றுக் காலத்தில் அறுவை சிகிச்சை பயின்றுகொண்டிருந்தவர்கள், ஊரைவிட்டு நகர முடியாத நிலையிலும் உலகளாவிய அறுவை சிகிச்சைத் துறையில் பங்கெடுப்பதற்குத் திறந்திருந்த சில கதவுகளுள் மிக அகலமான கதவு, இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தைத் தலைமையிடமாகக் கொண்டு, கொரோனாக் காலத்து அறுவை சிகிச்சைகளைப் பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து ஆராய்ந்த கோவிட்சர்ஜ் கூட்டாய்வு. அதன் ‘குளோபல்சர்ஜ்–கோவிட்சர்ஜ் வாரம்’ என்ற ஆய்வில் எங்கள் யூனிட் சேர்ந்தது. அடுத்த தொற்று வரும்போது முதுநிலைப் படிப்பில் இருக்கப்போகிறவர்களுக்கு அந்த அனுபவம் பயன்படக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

அப்போது நான் தென்மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் எம்.எஸ். பொது அறுவை சிகிச்சை படித்துக்கொண்டிருந்தேன். 2020 மார்ச் 25 அன்று நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியது. குடலிறக்கம், தைராய்டு, பித்தப்பைக் கல் என்று நாள் குறித்துக் காத்திருந்தவர்களின் பட்டியல் அப்படியே மடித்து வைக்கப்பட்டது. வார்டுகள் கொரோனா வார்டுகள் ஆயின. கத்தி பிடிக்கப் பழக வேண்டிய கைகள் சளி மாதிரி எடுக்கவும் ஆக்சிஜன் அளவைக் குறிக்கவும் போயின. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அன்றைய தேவை அதுதான். ஆனாலும் மூன்றே ஆண்டுப் படிப்பில் செய்த அறுவை சிகிச்சைகளைக் குறித்துவைக்கும் லாக் புத்தகம் ஓராண்டுக்கு வெறுமையாகக் கிடப்பதைப் பார்க்கும்போது எழும் அச்சத்தை, அந்த நிலையில் இருந்தவர்கள் மட்டுமே அறிவார்கள்.

உலகளாவிய அறுவை சிகிச்சை என்ற சொல்லைக் கேட்டதும் விமானம் ஏறி ஆப்பிரிக்காவுக்கோ நேபாள மலைக்கிராமத்துக்கோ போய் முகாம் நடத்துவது என்றே பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2015இல் வெளியிட்ட அறிக்கை அந்த எண்ணத்தை வேரோடு பிடுங்கிப் போடுகிறது. உலகில் 500 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான, கட்டுப்படியாகும் செலவிலான அறுவை சிகிச்சை தேவைப்படும் நேரத்தில் எட்டும் நிலையில் இல்லை. ஆண்டுதோறும் நடக்கும் 31.3 கோடி அறுவை சிகிச்சைகளில் மிக ஏழ்மையான நாடுகளில் நடப்பவை 6 சதவீதம் மட்டுமே, இன்னும் 14.3 கோடி சிகிச்சைகள் ஆண்டுதோறும் கூடுதலாகத் தேவை என்பன அதன் கணக்குகள். ஒரு மருத்துவமனையின் தகுதியை அளக்க அது வைத்த உரைகற்கள் மூன்று: சிசேரியன், வயிற்றைத் திறந்து செய்யும் லேப்ராடமி, தோல் கிழிந்து எலும்பு வெளித்தெரியும் திறந்த எலும்பு முறிவுக்கான சிகிச்சை. இம்மூன்றும் செய்யக்கூடிய இடத்தை இரண்டு மணி நேரத்துக்குள் அடைய முடிகிறதா என்பதே அது கேட்கும் கேள்வி. இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு விமானச் சீட்டு வேண்டியதில்லை, நம் தாலுகா மருத்துவமனை வாசலிலேயே கேட்கலாம்.

ஊரடங்கில் எங்களுக்கு முன்னால் வேறு வழிகளும் இருந்தன. அவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இணையக் கருத்தரங்குகள் வெள்ளமாய் வந்தன. தொடக்கத்தில் ஆர்வத்துடன் உட்கார்ந்தேன். சில வாரங்களில் ஒலியை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகும் பழக்கம் வந்துவிட்டது. கைபேசிச் செயலிகளில் அறுவை சிகிச்சையின் படிகளை விரலால் நகர்த்திப் பார்க்கும் பயிற்சி, வரிசையை நினைவில் நிறுத்த உதவும். கைக்குப் பழக்கம் தராது. கைப்பழக்கத்துக்கு ஓரளவேனும் உதவியது, அட்டைப் பெட்டியின் மேல் கைபேசிக் கேமராவை நிறுத்தி, வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் அறுவை சிகிச்சைக்கான பழைய லேப்ராஸ்கோப்பிக் கருவிகளைத் துளை வழியே நுழைத்து விடுதி அறையிலேயே செய்துகொண்ட பயிற்சிப் பெட்டிதான். திரையைப் பார்த்துக்கொண்டே மொச்சைக் கொட்டைகளை ஒரு கிண்ணத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவது விளையாட்டாகத் தோன்றும். பத்து நிமிடம் செய்தால் தோள்பட்டை உண்மையைச் சொல்லிவிடும். இவையெல்லாம் நம்மை வளர்க்கும் வழிகள். உலகுக்கு நம்மிடமிருந்து ஏதேனும் போய்ச் சேர வேண்டும் என்றால் அதற்கு வேறு ஏற்பாடு வேண்டியிருந்தது.

அந்த ஏற்பாடு பெருந்தொற்றுக்கு முன்பே உருவாகியிருந்தது. 2014இல் தொடங்கிய முதல் குளோபல்சர்ஜ் ஆய்வு, அவசர வயிற்று அறுவை சிகிச்சைக்குள்ளான 10,745 நோயாளிகளின் விவரத்தை 58 நாடுகளின் 357 மருத்துவமனைகளிலிருந்து திரட்டியது. திரட்டியவர்களில் பெரும்பகுதியினர் பயிற்சி மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் ஆவர். ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஒரு சிறு குழு, குறுகிய காலத்துக்கு மட்டும், எளிய படிவம் ஒன்றை நிரப்பும். அத்தகைய நூற்றுக்கணக்கான குழுக்களின் உழைப்பு ஒன்றுசேரும்போது, தனியொரு பேராசிரியர் வாழ்நாள் முழுவதும் உழைத்தாலும் எட்ட முடியாத எண்ணிக்கை கிடைத்துவிடும். 30 நாள் இறப்பு விகிதம் மனித மேம்பாட்டுக் குறியீட்டில் உயர்ந்த நாடுகளில் 4.5 சதவீதமாகவும், இடைநிலை நாடுகளில் 6 சதவீதமாகவும், தாழ்ந்த நாடுகளில் 8.6 சதவீதமாகவும் இருந்ததை அந்த ஆய்வு காட்டியது. நோயின் கடுமை முதலியவற்றுக்கு ஈடுசெய்து கணக்கிட்டபோது இந்த இடைவெளி மேலும் விரிந்தது.

2020 தொடக்கத்தில் தொற்று பரவியபோது அதே வலைப்பின்னலைக் கொரோனாவின் பக்கம் திருப்பினார்கள். வேகம் வியப்பூட்டுவதாக இருந்தது. ஜனவரி முதல் மார்ச் வரை அறுவை சிகிச்சைக்குள்ளான, தொற்று உறுதியான 1,128 நோயாளிகளைப் பற்றிய கட்டுரை மே மாத இறுதியிலேயே லான்செட்டில் வந்துவிட்டது. அவர்களில் 23.8 சதவீதத்தினர் 30 நாள்களுக்குள் இறந்திருந்தனர். பாதிக்கும் மேற்பட்டோருக்கு நுரையீரல் சிக்கல்கள் ஏற்பட்டிருந்தன. தொற்று உச்சத்தில் இருக்கும் 12 வாரங்களில் உலகெங்கும் ஏறத்தாழ 2 கோடியே 84 லட்சம் அறுவை சிகிச்சைகள் ரத்தாகவோ தள்ளிப்போகவோ செய்யும் என்ற மதிப்பீடும் இவர்களுடையதே. எங்கள் வார்டில் மடித்து வைக்கப்பட்ட அந்தப் பட்டியலுக்கும் இந்த எண்ணில் ஒரு பங்கு உண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

சேர்வது எளிதா என்று கேட்டால், பர்மிங்காம் பக்கம் எளிது, நம் பக்கம் கடினம் என்பேன். பதிவு செய்ய மின்னஞ்சலும் மருத்துவமனையில் ஒரு மூத்த மருத்துவரின் பொறுப்பும் போதும். ஆனால் இங்கிலாந்தில் இத்தகைய ஆய்வு, மருத்துவமனை தன் சிகிச்சையின் தரத்தைத் தானே சரிபார்க்கும் சேவைத் தணிக்கை என்ற கணக்கில் பதிவாகிவிடும். இங்கே அது ஆய்வு, அதிலும் வெளிநாட்டுக் கூட்டாய்வு. ஆய்வு நெறிமுறைகளைப் பரிசீலிக்கும் எத்திக்ஸ் கமிட்டிக்கு ஒரு கோப்பு, துறைத்தலைவருக்கு ஒரு விளக்கக் கடிதம், தரவு நாட்டைவிட்டுப் போகிறதே என்ற நியாயமான கேள்விக்கு ஒரு பதில் என்று படி ஏறி இறங்கியதிலேயே வாரங்கள் கழிந்தன. கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர எடுத்துக்கொண்ட காலத்தைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். என் சீஃப் மட்டும் ஒரே கேள்வி கேட்டார்: “இதில் நம் நோயாளிக்கு என்னப்பா லாபம்?” அன்று என்னிடம் விடை இல்லை. “உலக அளவில் பெயர் வரும் சார்” என்று உளறினேன். அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டார்.

ஆய்வின் வடிவம் மிகத் தெளிவானது. அக்டோபரில் ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுத்து, அந்த ஏழு நாள்களில் நடக்கும் அறுவை சிகிச்சைகளை ஒன்றுவிடாமல் வரிசையாகப் பதிவுசெய்து, ஒவ்வொருவரும் 30ஆம் நாள் உயிருடன் இருக்கிறாரா, என்ன சிக்கல் ஏற்பட்டது என்று அறிந்து எழுத வேண்டும். இந்த ‘ஒன்றுவிடாமல்’ என்ற சொல்லில்தான் சூட்சுமம் இருக்கிறது. நல்ல கேஸ்களை மட்டும் பொறுக்கி எழுதும் ஆசை எல்லா யூனிட்டுக்கும் உண்டு. வரிசை முறையில் அதற்கு இடமில்லை. எங்கள் யூனிட்டின் பட்டியல் ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டது. இரைப்பைப் புண் ஓட்டையாகி வந்தவர்கள், குடல் நெரிந்து வந்தவர், குடல்வால் அழற்சிக்காரர்கள், சர்க்கரை நோயில் கால் அழுகி வந்தவர்கள் ஆகியோரே அந்த வாரத்து உலகம்.

தரவுகளை ஏற்றப் பயன்படும் ரெட்கேப் மென்பொருளைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் 2004இல் உருவான இது, அழகு என்ற சொல்லுக்கு எந்த விதத்திலும் உரியது அல்ல; வருமான வரிப் படிவத்தை நினைவூட்டும் முகம். ஆனால் வேலைத்திறன் மிகுந்தது. முந்தைய கேள்விக்கு ‘இல்லை’ என்றால் அதைச் சார்ந்த கேள்விகள் தாமாகவே மறைந்துகொள்ளும். தேதி முன்பின்னாக இருந்தால் சிவப்பில் கடிந்துகொள்ளும். நிரப்பாமல் விட்டதை எத்தனை நாள் கழித்தும் மறக்காது. நோயாளியின் பெயரோ முகவரியோ அங்கே ஏறுவதில்லை. ஒரு எண் மட்டும் ஏறும். அந்த எண் யாருடையது என்று சொல்லும் தாள் எங்கள் அலமாரியின் பூட்டுக்குள் இருக்கும். தரவின் பாதுகாப்பைப் பற்றித் துறையில் எழுந்த கேள்விக்கு என்னால் தெளிவாகச் சொல்ல முடிந்த விடை இதுதான். மருத்துவமனையின் இணைய இணைப்பு இரவு பதினொரு மணிக்கு மேல்தான் உயிர்பெறும் என்பதால் பெரும்பாலும் என் கைபேசி வழியாகவே ஏற்றினேன். அதற்கு மென்பொருளைக் குறை சொல்ல முடியாது.

இனி முப்பதாம் நாளுக்கு வருகிறேன். எங்கள் வாரம் அக்டோபர் 12 முதல் 18 வரை. ஆகவே அழைப்புகள் நவம்பர் 11 முதல் தொடங்கித் தீபாவளியைச் சுற்றி விழுந்தன. கேஸ் ஷீட்டில் எழுதியிருந்த எண்களில் நோயாளியின் சொந்த எண் குறைவு. ஒன்று மருமகனுடையது, அவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். ஒன்று பக்கத்து வீட்டுக்காரருடையது. ஒன்று ஆம்புலன்ஸில் கூட வந்த யாரோ ஒருவருடையது, அவருக்கு நோயாளியின் பெயர்கூட நினைவில்லை. “பெரியாஸ்பத்திரியிலிருந்து பேசுகிறோம்” என்றதும் எதிர்முனையில் ஒரு பயம் கவிவதைக் கேட்க முடிந்தது, கொரோனா பரிசோதனைக்கு அழைக்கிறார்களோ என்ற பயம் அது. இரைப்பை ஓட்டையாகி வந்த ஒருவரைப் பற்றிக் கேட்டதற்கு அவர் மனைவி, “அவரு ஆடு பத்திக்கிட்டுப் போயிருக்காரு சார், சாயங்காலம் வந்ததும் பேசச் சொல்லட்டுமா?” என்றார். எட்டுக் கிலோவுக்கு மேல் எடை தூக்கக் கூடாது என்று நாங்கள் எழுதிக் கொடுத்த அறிவுரையை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

தீபாவளிக்கு முதல் நாள் அழைத்த எண்ணில் ஒரு பெண் பேசினார். அவருடைய அப்பாவுக்குச் சர்க்கரை நோயால் முழங்காலுக்குக் கீழே கால் எடுத்திருந்தோம். எட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினோம். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘நலமுடன் வீடு திரும்பினார்’ என்று எழுதியது நான்தான். “அப்பாவுக்குப் பதினாறு கும்பிட்டு மூணு நாளாச்சு சார். இந்த வருசம் எங்களுக்குத் தீபாவளி இல்ல” என்றார். வீட்டுக்குப் போன சில நாள்களிலேயே மூச்சுத்திணறல் வந்திருக்கிறது. மறுபடியும் அழைத்து வர வண்டி கிடைக்கவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. “நீங்க கேக்கணும்னு நினைச்சுப் போன் பண்ணீங்களே” என்று சொல்லி வைத்துவிட்டார். எங்கள் ரிஜிஸ்டரின்படி அவர் அன்றுவரை நலமாகவே இருந்தார். இந்த ஒரு அழைப்பு இல்லையென்றால் இன்றுவரை நலமாகவே இருந்திருப்பார்.

அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய 30 நாள்களுக்குள் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 42 லட்சம் பேர் இறக்கிறார்கள் என்றும், எய்ட்ஸ், காசநோய், மலேரியா மூன்றும் சேர்ந்து கொல்வதைவிட அது அதிகம் என்றும் இதே பர்மிங்காம் குழுவினர் 2019இல் கணக்கிட்டு எழுதியிருந்தார்கள். அதைப் படித்தபோது அது ஒரு பெரிய எண், அவ்வளவே. நம் வார்டின் வாசலைத் தாண்டியவுடன் நோயாளி நம் கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறார் என்பதும், அந்த மறைவையே நாம் வெற்றி என்று எழுதிவருகிறோம் என்பதும் அந்தத் தீபாவளியன்றுதான் எனக்கு உறைத்தது. சீஃப் கேட்ட கேள்விக்கான விடையையும் அன்றே அவரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கேஸ் ஷீட்டை எடுத்துவரச் சொன்னார்.

ஆய்வின் முடிவுகள் 2021 மார்ச்சில் வந்தன. 116 நாடுகள், 1,674 மருத்துவமனைகள், 1,40,231 நோயாளிகள். அறுவை சிகிச்சைக்கு முன் தொற்று கண்டிருந்தவர்கள் 3,127 பேர். தொற்று இல்லாதவர்களில் 30 நாள் இறப்பு 1.5 சதவீதம்; தொற்று கண்ட இரண்டு வாரங்களுக்குள் கத்தி வைத்தால் 4.1, மூன்று, நான்காம் வாரங்களில் 3.9, ஐந்து, ஆறாம் வாரங்களில் 3.6; ஏழு வாரம் கடந்துவிட்டால் மீண்டும் 1.5. அறிகுறிகள் நீடிப்பவர்களுக்கு ஏழு வாரத்துக்குப் பிறகும் 6 சதவீதம். இவ்வளவு நேராகப் பயன்படும் முடிவை ஆய்வுக் கட்டுரைகளில் நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். அடுத்த சில வாரங்களில் இரண்டாம் அலை வந்தது. அது ஓய்ந்து அறுவை அரங்கு மறுபடி திறந்தபோது, யாரை எப்போது அழைப்பது என்று முடிவெடுக்க எங்கள் யூனிட் சுவரில் ஒட்டப்பட்டது இந்த ஏழு வாரக் கணக்குதான். பட்டியல் முழுவதும் ‘பார்த்துச் செய்யலாம்’ என்று இழுத்தடித்த காலம் அத்துடன் முடிந்தது. அந்தக் கணக்கில் எங்கள் ஒரு பக்கமும் அடக்கம் என்பதில் எனக்குச் சிறு கர்வம் உண்டு.

குறைகளுக்கு வருவோம். முதலாவது, பெயர். இதே தரவிலிருந்து, அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்போருக்குத் தடுப்பூசியில் முன்னுரிமை அளிப்பதைப் பற்றி எழுந்த கட்டுரைக்கு ஆசிரியர்கள் 15,025 பேர். ஒரே ஆய்வுக் கட்டுரைக்கு மிக அதிக ஆசிரியர்கள் என்று கின்னஸ் சாதனையாகவே பதிவாயிற்று. படிவம் நிரப்பிய பயிற்சி மருத்துவரும் பேராசிரியரும் ஒரே பட்டியலில் நிற்பது நேர்மையான ஏற்பாடு, அதை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் நம் நாட்டில் பதவி உயர்வுக்கோ தேர்வுக்கோ இந்தப் பெயர் காசு பெறாது. முதல் சில பெயர்களில் இருக்க வேண்டும், அல்லது கட்டுரை குறித்து இதழுடன் தொடர்புகொள்ளும் தொடர்பு ஆசிரியராக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் நேர்முகத் தேர்வில், பதினைந்தாயிரத்தில் ஒருவன் என்று சொன்னால் எதிரே இருப்பவர்கள் பார்க்கும் பார்வையைத் தாங்க வேண்டியிருக்கும். தீசிஸுக்கும் இதை அப்படியே பயன்படுத்த முடியாது. சான்றுத்தாள் சேர்ப்பதற்காகச் சேர்பவர்கள் ஏமாறுவார்கள்.

இரண்டாவது குறை ஆழமானது. கேள்வியைக் கேட்பவர் யார்? பர்மிங்காமில் கேள்வி பிறந்து, படிவம் இங்கே வந்து, விடை அங்கே போய், கட்டுரையாகத் திரும்பி வரும் இந்தச் சுற்றில், நாம் நெல் அளந்து போடும் கூலிகளாக மட்டும் இருந்துவிடும் ஆபத்து இருக்கிறது. வலி தொடங்கிய நேரத்திலிருந்து எங்கள் வாசலை அடையும்வரை எத்தனை நாள், எத்தனை வண்டி, எத்தனை நாட்டு வைத்தியம் என்பதை நான் என் குறிப்பேட்டில் தனியாக எழுதிக்கொண்டேன். எனக்கு முக்கியமாகப் பட்ட கேள்வி அதுதான். அதே சமயம் இந்த வலைப்பின்னல் தன் போக்கைத் திருத்திக்கொள்ள முயன்றது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. எதை ஆராய வேண்டும் என்று தாழ்ந்த, இடைநிலை வருமான நாடுகளின் அறுவை சிகிச்சை மருத்துவர்களிடமே கேட்டு, காயத்தில் சீழ் பிடிப்பதை முதன்மைக் கேள்விகளுள் ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள். அதன் பயனாக வந்ததுதான் சீட்டா ஆய்வு. பெனின், கானா, இந்தியா, மெக்சிகோ, நைஜீரியா, ருவாண்டா, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாடுகளின் 81 மருத்துவமனைகளில், பெருந்தொற்றின் நடுவிலேயே, 2020 ஜூன் முதல் 2022 மார்ச் வரை 13,301 நோயாளிகளைச் சேர்த்தார்கள். இந்தியாவில் இந்த வலைப்பின்னலின் மையம் லூதியானாவின் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. கேள்வி எளியது: வயிற்றை மூடுவதற்கு முன் கையுறையையும் கருவிகளையும் மாற்றினால் சீழ் பிடிப்பது குறையுமா? 18.9 சதவீதம் 16 சதவீதமாகக் குறைந்தது. புது இயந்திரம் வேண்டாம், புது மருந்து வேண்டாம். ஒரு ஜோடி கையுறையும் தனியே எடுத்து வைத்த சில கருவிகளும் போதும். எங்கள் யூனிட்டில் இப்போது அதைச் செய்கிறோம். கையுறை இருப்பு குறைவாக இருக்கும் நாள்களில் ஸ்டோரில் கெஞ்ச வேண்டியிருக்கிறது, அது வேறு கதை.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன்? இரண்டாம் ஆண்டு முதுநிலை மாணவருக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். முதலாண்டில் வார்டு வேலையே மூச்சுமுட்டும். இறுதியாண்டில் தேர்வு கழுத்தைப் பிடிக்கும். தனியாக இறங்க வேண்டாம். ஒரு ஹவுஸ் சர்ஜனையும் அறுவை அரங்கின் பதிவேடான ஓ.டி. ரிஜிஸ்டரை அறிந்த ஒரு செவிலியரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எத்திக்ஸ் கமிட்டிக் கோப்பை ஆய்வு அறிவிப்பு வந்த அன்றே தொடங்கிவிட வேண்டும். நோயாளி சேரும்போதே இரண்டு தொலைபேசி எண்களை வாங்கி, ஒவ்வொன்றும் யாருடையது என்ற உறவையும் எழுதிக்கொள்ள வேண்டும். இந்த ஒரு பழக்கம் பிற்பாடு பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும். இப்போது முதுநிலை மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணிபுரிய வேண்டும் என்ற ஏற்பாடு வந்துவிட்டதால், இத்தகைய ஆய்வைப் பெரிய கல்லூரிகளுக்கு வெளியே கொண்டுபோகும் வாய்ப்பும் இருக்கிறது. அங்கிருந்து வரும் எண்கள்தான் இந்த வகை ஆய்வுகளுக்கு மிக அதிகம் தேவைப்படுபவை.

மதிப்பெண் கேட்பவர்களுக்காக: ஆய்வின் வடிவமைப்புக்கு ஐந்துக்கு ஐந்து, மென்பொருளுக்கு நான்கு, பங்கேற்பவரின் பெயருக்கும் பிழைப்புக்கும் கிடைக்கும் பயனுக்கு இரண்டு, கேள்வியில் நமக்குள்ள பங்குக்கு இரண்டரை, சீட்டாவை முன்னிட்டு மூன்றாகவே வைத்துக்கொள்ளலாம்.

அந்த வாரம் முடிந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. எங்கள் ஓ.டி. ரிஜிஸ்டரின் கடைசிக் கட்டத்தில் ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் முப்பதாம் நாளின் தேதி பென்சிலால் எழுதப்படுகிறது. அன்றைய டியூட்டி மருத்துவர் அழைத்துப் பேசியதும் அதன்மேல் பேனாவால் ஒரு கோடு இழுக்கிறார். கோடு விழாத தேதிகளை வாரத்துக்கு ஒருமுறை சீஃப் எண்ணிப் பார்க்கிறார்.